பாசியை விசாரித்தவர்

லேப்காரர் என்றுதான் மலையில் எல்லாரும் அவரைச் சொல்வோம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது, நானே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். ஆனால் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் மாற்றலாகிப் போய் இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்குப் புதிதாகச் சொல்வது?

குள்ளமான மனிதர். ஒடுகத்தூர் பக்கத்துக்காரர். ஜவ்வாது மலையில் எங்கள் ஆஸ்பத்திரியில் இரத்தம், சளி, மூத்திரம் எல்லாம் பரிசோதித்துச் சொல்கிற வேலை அவருக்கு. நான் அங்கே கூட்டித் துடைக்கிற வேலை. வெறுமனே கூட்டித் துடைக்கிறவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று டாக்டரம்மாவே என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

லேப்காரருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் கேள்வி வரும். அவரைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். மூன்று மாசமாக இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தும் உடம்பில் இரத்தம் ஏறவே இல்லை. டாக்டரம்மா கத்தின கத்தலில் அவள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் சொன்னாள், மாத்திரையை எல்லாம் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் போட்டுவிட்டாளாம். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். இவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பலாமரத்துக்கா? எத்தினி போட்டம்மா?"

"அல்லாத்தையும்தான் சார்."

"மரம் எப்படிக் கீது இப்போ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு இன்னா சார், நல்லாத்தான் கீது."

"மரத்துக்கு வெளிக்கி கறுப்பாப் போச்சா?"

அவள் சிரிப்பு நின்றது. கறுப்பாகப் போனது தனக்குத்தான், குடல் வெந்துவிட்டதோ என்று பயந்துதான் நிறுத்தினேன் என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். கறுப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒழுங்காகத் தின்றாள். டாக்டரம்மாவின் மூன்று மாசச் சத்தத்துக்கு வராத பதில் இவருடைய பலாமரத்துக்கு வந்தது.

வாட்ச்மேன் ஒருநாள் இரத்தம் தடவிப் பார்க்கிற கண்ணாடிச் சில்லுப் பெட்டியைக் கீழே போட்டு மொத்தமும் நொறுக்கினான். "எந்தப் பக்கமா வுழுந்துது?" என்றார் இவர். குந்தி உட்கார்ந்து பார்த்து, மேஜைக் கால் ஒன்று குட்டை என்று கண்டுபிடித்து, அடியில் அட்டையை மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் குணம் பிடிக்கவில்லை. தப்பு செய்தவரை நாலு திட்டு திட்டினால் அதோடு போயிற்று. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

மீன் தொட்டி அவர் கொண்டுவந்ததுதான். இரண்டு முழ நீளம்கூட இருக்காது. வேலூரில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அமிர்தி வழியாக மலையேறினார். வளைவுக்கு வளைவு தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததைக் கண்டக்டர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். கொசுப்புழு தின்கிற கப்பி மீன்கள் பதினாறை உள்ளே விட்டார். ஆண் மீனுக்கு வாலில் ஆரஞ்சும் நீலமும் இருக்கும்.

எல்லாம் குழந்தைகளுக்காகத்தான். விரலில் ஊசி குத்தும் முன்பே அலறுகிற குழந்தைகளை வராந்தாவில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். "எத்தினி வாலு கீது, எண்ணு பாக்கலாம்" என்பார். ஏழோ எட்டோ எண்ணுவதற்குள் குத்தி, இரத்தம் எடுத்து, பஞ்சையும் வைத்திருப்பார்.

இரண்டு மாசம் நன்றாகப் போனது. பிறகு கண்ணாடியில் பச்சைப் பொட்டுகள் வந்தன. பொட்டு படர்ந்து படலமானது. அப்புறம் தண்ணீரே கீரை கடைந்தது போல ஆகிவிட்டது. மீனின் வால் கண்ணாடியில் உரசினால்தான் உள்ளே மீன் இருப்பது தெரியும். ஒரு குழந்தை "உள்ள இன்னா கீது?" என்று கேட்டது. இவர் பதில் யோசிப்பதற்குள் ஊசியைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி அதிரக் கத்தியது.

எனக்கு அழுக்கு ஆகாது. பொங்கலுக்கு அவர் மூன்று நாள் ஊருக்குப் போனபோது தொட்டியை நான் எடுத்துக்கொண்டேன். மீன்களை வாளியில் விட்டேன். அடியில் கிடந்த கூழாங்கல்லை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினேன். கண்ணாடிக்குப் புளி. எங்கள் மலைப் புளிக்கு மசியாத அழுக்கு கிடையாது, பித்தளைக் குடத்தை அதில் தேய்த்தால் தங்கம் என்றுதான் சொல்வீர்கள். தொட்டி பளபளவென்று ஆனது. போர் தண்ணீரைப் புதிதாகப் பிடித்து ஊற்றி மீனை விட்டேன். அவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் வந்தபோது இரண்டு மீன் மேலே மிதந்தது.

"இன்னாக்கா போட்டீங்க?"

"புளி."

"எவ்ளோ?"

"எலுமிச்சங்கா அளவு."

"கல்லு?"

"வேவ வெச்சேன்."

அவர் கல் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "கல்லு மேல இருந்தது அல்லாமே அழுக்கு இல்லக்கா. மீனு கழிக்கறத தின்னு அழிக்கறதுங்க கொஞ்சம் அதுல கீது. கண்ணுக்குத் தெரியாது. அதுங்களையும் சேத்து வேவ வெச்சுட்டோம்."

நீங்கள் வேக வைத்துவிட்டீர்கள் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். 'வெச்சுட்டோம்' என்றால் நான் என்ன பேசுவது?

மூன்றே வாரத்தில் தண்ணீர் மறுபடியும் பச்சை. அப்போதுதான் அவருடைய விசாரணை தொடங்கியது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் எழுதினார். வாரத்துக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். முதல் வாரம், காலை வெயில் தொட்டியில் விழாமல் ஜன்னலுக்கு அட்டை கட்டினார். கண்ணாடியில் படலம் கொஞ்சம் மெதுவாக ஏறியது, தண்ணீர் மாறவில்லை. இரண்டாம் வாரம், பகல் முழுக்க எரிந்த தொட்டி விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தார். மூன்றாம் வாரம், ஊர் ஏரியிலிருந்து வேலம்பாசிக் கொடி கொண்டுவந்து உள்ளே நட்டார்.

"பாசிய வெரட்ட பாசியவே கொண்டாந்து போடறீங்களா தம்பி?" என்றேன்.

"இது கொடிக்கா, அது வேற. ரெண்டும் சாப்புடறது ஒண்ணுதான். பங்காளி வந்துட்டா பங்கு கொறையும் இல்ல?"

நான்காம் வாரத்திலிருந்து, ஒருநாள் முன்னதாகவே பிடித்து வைத்த தண்ணீரில் கால் தொட்டி மட்டும் மாற்றினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து தொலைத்தால் என்ன என்று கேட்டேன். "அப்போ எது வேல செஞ்சுதுன்னு எப்பிடிக்கா தெரியும்?" என்றார். தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று நான் நினைத்தேன். அவருக்குத் தண்ணீர் தெளிவதைவிட ஏன் கலங்கியது என்று தெரிவதில்தான் ஆசை அதிகம் என்று அப்போது எனக்குப் பட்டது.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரிக் கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றி மூடினார். நாலு நாள் யாரும் திறக்கக் கூடாது, வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி பட்டினியில் சாகும், மீன் தாங்கும் என்றார். மறுநாள் வந்து பார்த்தால் கம்பளி மேல் வேப்பிலைக் கொத்து. அதற்கு மறுநாள் மஞ்சள் தடவின இன்னொரு கொத்து. மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று மலை முழுக்கப் பேச்சு! வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஒரே எரிச்சல். இவர் வேப்பிலை வைத்த கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மை வந்தா எத்தினி நாளு ஆயா இருட்டுல வெச்சிருப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கம்பளியை எடுத்தபோது அடிக் கல் வரை தெரிந்தது. அம்மா இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் பச்சை. அம்மா கோபித்துக்கொண்டாள் என்றார்கள்.

டாக்டரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டார். "அடுத்த மாசம் மேலிருந்து அதிகாரி வர்றார். வீடு வீடா போய் தண்ணிய மூடி வைங்க, தேங்க விடாதீங்கன்னு சொல்ற நம்ம வராந்தாவுல இப்படி ஒண்ணு நிக்கலாமா? அதுக்குள்ள தெளிஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா தொட்டிய எடுத்துடுங்க."

"மீன எங்க வுடறது மேடம்?"

"எங்கயாவது விடுங்க."

மலையில் கோடைக்கு எல்லா ஓடையும் வற்றிக் கிடந்தது. எங்கே விடுவது? ஊசி போடுகிற நாற்காலி மட்டும் தனியாக நிற்கும், குழந்தைகள் பழையபடி அலறும். அவர் உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டுதான். அதற்குள் பச்சைப் பச்சையாக உருண்டைகள், எங்கோ வேலைக்குப் போகிறது போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. திருவிழாக் கூட்டம்கூட அவ்வளவு இருக்காது.

"வெளிச்சத்த கொறச்சாச்சு, தண்ணிய மாத்தியாச்சு, பங்காளியையும் வுட்டாச்சு. இன்னமும் கொழுக்குதுன்னா எங்கேர்ந்தோ தீனி வருதுக்கா," என்றார்.

நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தீனி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கிற உயிரை வைத்துக்கொண்டு தனியாகத் தின்ன மாட்டோம். நாயோ, குருவியோ, வழியில் போகிறவரோ, ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் நம் வாயில் வைப்போம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் விடிகாலையில் சாமைச் சோறோ களியோ கட்டிக்கொண்டு காட்டு வழியில் நடந்து வருகிறவர்கள். வராந்தாவில் காத்திருந்து, பசி வந்ததும் அங்கேயே மூட்டையை அவிழ்ப்பார்கள். அந்த நேரம் மீனெல்லாம் கண்ணாடி ஓரம் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

முதல் சிட்டிகை போட்டவள் நான்தான். அவர் தீக்குச்சி மருந்து அளவு தீனியைப் போட்டுவிட்டு மூடியைச் சாத்திவிடுவார். இது என்ன வளர்ப்பு என்று எனக்கு ஆத்திரம். தினமும் என் தூக்கிலிருந்து கொஞ்சம் சாமைச் சோறு போடுவேன். தயங்கி நிற்கிறவர்களிடமும், "பரவால்ல, போடு, நான் இருக்கேன்" என்பேன். நான் இருக்கிறேன்! அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சில்லுப் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் நடக்கும்.

இப்போது சொன்னால் புளியில் செத்த இரண்டு மீனும் சேர்ந்து என் தலையில் ஏறும். சொல்லாவிட்டால் தொட்டி போகும். நான் வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு நாள் அப்படியே போனது. நான் போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் மற்றவர்களைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் அவர் தொட்டியின் அடியில் இருந்த சகதியைக் குழாயில் உறிஞ்சி ஒரு கிண்ணத்தில் விட்டார். வராந்தாவில் டாக்டரம்மாவும் நின்றுகொண்டிருந்தார். பழுப்பு மருந்து ஒன்றை அதில் ரெண்டு சொட்டு விட்டார். சகதி அங்கங்கே கருநீலமாக மாறியது.

"அயோடின் மேடம். மாவுப் பொருள் இருந்தாத்தான் இப்பிடி மாறும். சோறு கீது உள்ள." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "சோறு எப்பிடி உள்ள வந்துச்சுன்னுதான் தெரியல."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" என்றார் டாக்டரம்மா. "இந்த ஜனங்கதான். எவ்வளவு சொன்னாலும் ஏறாது. போர்டு வெச்சாலும் படிக்கத் தெரியாது. மலையில இதுங்கள வெச்சுக்கிட்டு மீனாவது வளக்கறதாவது. எடுத்துடுங்க சார்."

பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் காதில் விழுந்தது. ஒருத்தி மடியில் இருந்த சோற்று மூட்டையை முந்தானைக்குள் தள்ளினாள். நான் அதைப் பார்த்தேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன்.

"ஜனங்க இல்லம்மா," என்றேன். "நான்தான். மொதல்ல போட்டதும் நான், அவுங்கள போடச் சொன்னதும் நான். கேக்கறதுன்னா என்னைய கேளுங்க."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் லேப்காரரைத்தான் பார்த்தேன். இந்தத் தடவையாவது திட்டட்டும் என்று இருந்தது. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எவ்ளோக்கா போடுவீங்க? போட்டுக் காமிங்க."

உள்ளங்கையை நீட்டினார். தூக்கைத் திறந்து, எப்போதும் போடுகிற அளவு எடுத்து வைத்தேன்.

"தெனமுமா?"

"தெனமும்."

"மத்தவங்க?"

விரல் விட்டுச் சொன்னேன். கர்ப்பிணிகள் வருகிற செவ்வாய்க்கிழமை அதிகம், மற்ற நாளில் குறைவு. அவர் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து புரட்டினார். செவ்வாய்க்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் தண்ணீர் ரொம்பப் பச்சை என்று வாரா வாரம் எழுதியிருந்ததாம். காணாமல் போன மாடு தானாகத் தொழுவத்துக்கு வந்தது போல அவருக்குச் சந்தோஷம்.

"மீனு வயிறு அது கண்ணு அளவுதான்க்கா. மிச்சம் அல்லாம் அடியில அழுகி பாசிக்குத் தீனி."

"அப்போ ஏன் வாயத் தொறந்து தொறந்து கேக்குது?"

"கேக்கலக்கா. மூச்சு வுடுது."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் சோற்று மூட்டைக்காரி, "மூச்சா?" என்றாள். அவளும் தொட்டியைப் பார்த்தாள். மீன்கள் பச்சைக்குள்ளிருந்து வந்து வந்து வாயைத் திறந்தன. இத்தனை நாள் மூச்சு விட்டதற்கெல்லாம் சோறு போட்டிருக்கிறோம்.

"போர்டு ஒண்ணு எழுதி வைங்க," என்றார் டாக்டரம்மா.

"போர்டு வேணாம்மா," என்றேன். மீன் பட்டினி இல்லை என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வேன். ஆனால் அது பார்த்துக்கொண்டிருக்க இவர்கள் தனியாகத் தின்ன மாட்டார்கள். அது எழுதி வைத்துப் போகிற வழக்கம் இல்லை. கொஞ்சம் யோசித்தேன். "சாமிக்குப் படைக்கறத சாமியா தின்னுது? படைச்சுட்டு நாமதான் தின்றோம். மீனுக்கும் படைக்கட்டும். தின்னறத கோழி தின்னட்டும்."

வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் வைத்தேன். வருகிறவர்களிடம், "அது பங்க இதுல வைங்க, உள்ள வேணாம், அதுக்கு மூச்சு முட்டுது" என்று சொன்னேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். முதல் செவ்வாய்க்கிழமை தட்டு வழிந்தது. சாமை, களி, பாதி வடை, ஒரு வாழைப்பழத் துண்டு. லேப்காரர் அதைப் பச்சைக் குழந்தையை நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்து எழுதினார். பிறகு வாட்ச்மேன் வீட்டுக் கோழிகளுக்குப் போனது.

மறுபடியும் நாலு நாள் கம்பளி. மறுபடியும் வேப்பிலை. அப்புறம் கம்பளியை எடுத்து, ஒரு வாரம் பார்த்தோம். பத்து நாள் பார்த்தோம். பச்சை வரவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் மெல்லிய படலம் ஒன்று இருந்தது. அதையும் சுரண்டட்டுமா என்றேன். வேண்டாம், கொடியோடு வந்த நத்தை மேயும் என்றார். "பச்சையே வரக்கூடாதுன்னா தொட்டியில தண்ணியே ஊத்தக் கூடாதுக்கா."

அதிகாரி வந்த அன்று நான் வராந்தாவை இரண்டு தடவை துடைத்திருந்தேன். மருந்து அறை, பிரசவ அறை எல்லாம் பார்த்துவிட்டு, கையில் டீயும் பிஸ்கட்டுமாக அவர் வெளியே வந்தார். டாக்டரம்மா கூடவே வந்தார். பெஞ்சில் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். தொட்டியைக் கண்டதும் அதிகாரி நின்றுவிட்டார். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. மீன்கள் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பாவம், பசிக்குது போலிருக்கே," என்றார் அதிகாரி. பிஸ்கட்டை உடைத்து, தொட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனார்.

டாக்டரம்மா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. லேப்காரர் கதவருகில் அசையாமல் நின்றார். நான் தட்டை எடுத்து அதிகாரியின் கைக்குக் கீழே நீட்டினேன்.

"இதுல போடுங்க சார்."

"ஏன், பிஸ்கட் தின்னாதா?"

"குடுத்தா தின்னும் சார். அதாலதான் இதுல போடச் சொல்றோம்."

அவர் தட்டைப் பார்த்தார். ஏற்கெனவே நாலைந்து சிட்டிகை சாமையும் ஒரு களி உருண்டையும் கிடந்தன. பெஞ்சில் நின்ற ஜனங்களைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பிஸ்கட்டைக் களிக்குப் பக்கத்தில் வைத்தார். "இருக்கட்டும், நல்லா வெச்சிருக்கீங்க" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அவர் பின்னாலேயே போனார். 'இந்த ஜனங்கதான்' என்று சொன்ன டாக்டரம்மாவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜீப் திரும்புகிற வரைக்கும்.